பிரான்செஸ்கோ: ஓர் இத்தாலிய ஆண் பெயரின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் ஆண் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இடப்பட்டு வரும் பெயர்களுள் பிரான்செஸ்கோ முதல் வரிசையில் நிற்பது. தமிழில் பிரான்சிஸ் என்று நாம் அறிந்திருக்கும் பெயரின் இத்தாலிய வடிவம் இது. இதன் பொருள் குறித்துப் பெயர்ப் பட்டியல்களில் அரைகுறையான விளக்கங்களே மிகுதியாகக் காணப்படுவதால், வேர்ச்சொல்லையும் வரலாற்றையும் சேர்த்து இங்கே விளக்கியிருக்கிறோம்.

பிரான்செஸ்கோ என்ற பெயருக்கு நேர்ப்பொருள் என்ன?

'பிரெஞ்சுக்காரன்' என்பதே நேர்ப்பொருள். இன்னும் துல்லியமாகச் சொன்னால், 'பிராங்கு இனத்தைச் சேர்ந்தவன்'. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரைக் குறித்த 'பிராங்குஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு, ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த 'இஸ்க்' என்னும் விகுதி இலத்தீன் உருவில் சேர்ந்து 'பிரான்சிஸ்குஸ்' ஆனது. அது இத்தாலிய மொழியில் பிரான்செஸ்கோ என்று திரிந்தது. இத்தாலியர்கள் ஜெர்மானியரைக் குறிக்கும் 'தெதெஸ்கோ' என்ற சொல்லின் இறுதியிலும் இதே 'எஸ்கோ' விகுதியைக் காணலாம்.

இன்றைய இத்தாலிய மொழியில் பிரெஞ்சுக்காரரைப் 'பிரான்செஸே' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பழைய இத்தாலியத்தில் 'பிரான்செஸ்கோ' என்பது ஆள்பெயராக மட்டுமன்றி, 'பிரெஞ்சு' என்ற பொருளில் சாதாரணச் சொல்லாகவும் வழங்கியது. இதற்கு உறுதியான சான்று இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காவியத்திலேயே இருக்கிறது. நரகத்தைப் பாடும் முதற்பகுதியின் 27-ஆம் பாடலில், 1282-இல் போர்லி நகரை எதிர்த்து வந்து வெட்டுண்டு குவிந்த பிரெஞ்சுப் படையினரை அவர் 'பிரான்செஸ்கி' என்று பன்மையில் குறிப்பிடுகிறார். அக்காலத்து இத்தாலியர் காதில் இந்தப் பெயர் விழுந்தபோது, ஓர் அயல்நாட்டு இனத்தின் பெயர் என்ற உணர்வும் உடன் எழுந்திருக்கும்.

'சுதந்திரமானவன்' என்பதே இதன் பொருள் என்று பல பட்டியல்கள் சொல்கின்றனவே?

அது முற்றிலும் பொய்யல்ல என்றாலும், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்லும் விளக்கம். பிராங்குகள் 'கால்' என்று வழங்கிய நாட்டை, அதாவது இன்றைய பிரான்சு இருக்கும் நிலப்பரப்பை, கைப்பற்றி ஆண்டபோது முழு உரிமையுடைய குடிகளாக விளங்கியவர்கள் அவர்களே. ஆகவே 'பிராங்கு' என்ற இனப்பெயருக்கே 'யாருக்கும் கட்டுப்படாதவன்', 'வரிச்சுமை இல்லாதவன்' என்ற பொருள்கள் பின்னர் ஏறின. இத்தாலிய மொழியில் 'பிராங்கோ' என்றால் ஒளிவுமறைவின்றிப் பேசுபவர் என்று பொருள். சுங்கவரி இல்லாத துறைமுகத்துக்கும் 'போர்த்தோ பிராங்கோ' என்றே பெயர். எனவே இனப்பெயர் முந்தியது, விடுதலை என்ற பொருள் பிந்தியது. தம் மகனுக்கு இப்பெயரை இட்ட எந்த இடைக்கால இத்தாலியத் தந்தையும் 'சுதந்திரமானவனே' என்று எண்ணி இட்டிருப்பார் என்று நாம் கருத வேண்டியதில்லை.

அப்படியானால் 'பிராங்கு' என்ற இனப்பெயர் எங்கிருந்து வந்தது?

எறிஈட்டியைக் குறித்த ஒரு பழஞ்ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரால் ஏற்கப்படும் கருத்து. பழைய ஆங்கிலத்தில் 'பிராங்கா' என்ற சொல் ஈட்டியைக் குறித்தது. சாக்சன் இனத்தார் 'சாக்ஸ்' என்னும் குறுவாளால் பெயர் பெற்றதை இதற்கு ஒப்பாகக் காட்டுவார்கள். துணிவுடையவர், மூர்க்கமானவர் என்ற பொருளுடைய சொல்லே வேர் என்று கூறுவோரும் உண்டு.

அசிசி நகரில் பிறந்த ஓர் இத்தாலியக் குழந்தைக்குப் 'பிரெஞ்சுக்காரன்' என்ற பெயர் ஏன் வந்தது?

இந்தப் பெயரின் முழு வரலாறும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நடு இத்தாலியின் உம்பிரியா பகுதியில் உள்ள அசிசியில், 1181 இறுதியிலோ 1182-இலோ, பியெத்ரோ தி பெர்னார்தோனே என்ற துணி வணிகருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் அசிசியின் புனித பிரான்சிஸ் என்று உலகம் அறிந்தவர் அவரே. அவ்வேளையில் தந்தை வணிகத்துக்காகப் பிரான்சு சென்றிருந்தார். இத்தாலியத் துணி வணிகர்களுக்கு அந்நாளில் பிரான்சு பெரிய சந்தை. சம்பாஞ் பகுதியில் கூடிய வணிகச் சந்தைகள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வணிகர்களை ஈர்த்தன. தந்தை ஊரில் இல்லாத நிலையில், தாய் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்து, திருமுழுக்கு யோவானின் நினைவாக ஜொவான்னி என்று பெயரிட்டார். அசிசியின் சான் ரூஃபினோ பேராலயத்தில் இன்றும் இருக்கும் திருமுழுக்குத் தொட்டியில்தான் அது நடந்தது என்பது ஊர் வழக்கு. பயணம் முடித்துத் திரும்பிய தந்தை அந்தப் பெயரை விடுத்து, மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைக்கத் தொடங்கினார். 'மூன்று தோழர்களின் வரலாறு' என்று வழங்கும் பழைய ஏடு தரும் செய்தி இது.

தந்தை ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அந்த ஏடு காரணம் கூறவில்லை. தமக்குச் செல்வம் தந்த நாட்டின் மீதிருந்த மதிப்பு காரணமாக இருக்கலாம். தாய் பிக்கா பிரான்சின் தென்பகுதியான புரோவான்சிலிருந்து வந்தவர் என்ற மரபுச் செய்தியை வைத்து, தாய் வழியைக் காட்டுவோரும் உண்டு. மகனே பின்னாளில் பிரெஞ்சு மொழியில் காட்டிய ஈடுபாட்டால் அப்பெயர் நிலைத்தது என்பாரும் உண்டு. என் கருத்தில் வணிகத் தொடர்பே இயல்பான விளக்கம். ஆயினும் மூன்றாவது காரணத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் உள்ளம் பொங்கும் வேளைகளில் அவர் பிரெஞ்சு மொழியில்தான் பேசுவார், பாடுவார் என்று அவர் வரலாற்றை முதலில் எழுதியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சிதைந்து கிடந்த சான் தமியானோ கோயிலைத் தம் கையால் பழுதுபார்த்த நாள்களில், அங்கே விளக்கெரிக்க எண்ணெய் இரந்து அவர் ஒரு வீட்டுக்குச் சென்றார். வாசலில் தம் பழைய நண்பர்கள் கூடி விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு நாணிப் பின்வாங்கினார். பிறகு அந்த நாணத்துக்காகத் தம்மையே கடிந்துகொண்டு உள்ளே சென்று, பிரெஞ்சு மொழியில் எண்ணெய் கேட்டார். பணக்கார வணிகரின் மகனாக அதே ஊரில் ஆடம்பரமாக வாழ்ந்தவர் கையேந்தும் நேரத்தில், தம் பெயருக்குரிய மொழி அவர் நாவில் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழும்.

அவர் தம் பெயரை எப்படி எழுதினார்?

அவர் கைப்பட எழுதியவை மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று, சகோதரர் லெயோ என்ற தம் தோழருக்கு ஒரு சிறிய தோல் துண்டில் எழுதிய கடிதம். ஸ்பொலேத்தோ நகரப் பேராலயத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. 'சகோதரர் லெயோவுக்கு உன் சகோதரன் பிரான்சிஸ் நலமும் அமைதியும் கூறுகிறேன்' என்ற கருத்துடன் இலத்தீனில் தொடங்கும் அந்தக் கடிதத்தில், இலக்கணப்படி 'பிரான்சிஸ்குஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'பிரான்சிஸ்கோ' என்று இருக்கிறது. ஏட்டு இலத்தீன் அவருக்குக் கைவந்ததில்லை. தாய்மொழி வழக்கே எழுத்திலும் தலைகாட்டியது.

அவருக்கு முன்பு இந்தப் பெயர் இருந்ததா?

இருந்தது, ஆனால் அரிதாக இருந்தது.

பிறகு எப்படி இத்தாலி முழுவதும் பரவியது?

அவர் 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை இறந்தார். இரண்டாண்டுகூட நிறைவதற்குள், 1228 ஜூலை 16 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்குள் அவர் தொடங்கிய துறவுச் சபை மலைகளைக் கடந்து பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. மடங்களுக்குள் அடைந்திராமல் நகரத் தெருக்களிலும் சந்தைகளிலும் மக்கள் மொழியில் பேசிய துறவிகள் அவர்கள். இல்லறத்தில் இருப்போருக்கென்று மூன்றாம் சபையும் அமைந்ததால், வணிகர், கைவினைஞர் வீடுகளுக்குள்ளும் அவர் பெயர் நுழைந்தது.

இதன் வேகத்தைச் சில பிறப்பாண்டுகளே காட்டும். போலோஞ்ஞா நகரச் சட்ட அறிஞர் பிரான்செஸ்கோ தக்கோர்சோ பிறந்தது 1225-இல், அசிசியார் உயிரோடு இருந்தபோதே. கவிஞர் பிரான்செஸ்கோ தா பார்பெரீனோ 1264-இல் பிறந்தார். பெத்ரார்க்கா என்று உலகம் அறியும் பிரான்செஸ்கோ பெத்ரார்க்கா 1304 ஜூலை 20 அன்று அரெஸ்ஸோவில் பிறந்தார். அதன் பிறகு இத்தாலிய ஊர்களின் எந்தப் பழைய ஆவணத்தைத் திறந்தாலும் இப்பெயர் கண்ணில் படும்.

ஒரு நாட்டினத்தின் பெயராக இருந்த சொல், ஒரே ஒரு மனிதரின் வாழ்வால் ஏழ்மை, எளிமை, உயிரிரக்கம் ஆகியவற்றின் அடையாளமாக மாறியதுதான் இந்தப் பெயரின் உண்மையான பிறப்பு என்று சொல்வேன். அகராதி தரும் பொருளை மட்டும் படித்துவிட்டு நிற்பவர்களுக்கு இது புலப்படாது.

பிரான்செஸ்கோ என்று பெயர் கொண்ட அனைவரும் அசிசியாரின் பெயரைத்தான் தாங்குகிறார்களா?

இல்லை. தென்னித்தாலியில் இன்னொரு பெரிய புனிதர் இருக்கிறார். கலாபிரியா பகுதியின் பாவ்லா ஊரில் 1416-இல் பிறந்த பிரான்செஸ்கோ தி பாவ்லா, நெடுங்காலம் பிள்ளையில்லாமல் அசிசியாரை வேண்டிக்கொண்ட பெற்றோருக்குப் பிறந்ததால் அவர் பெயரையே பெற்றவர். கடுந்தவம் புரிந்து 'மினிம்' என்னும் துறவுச் சபையை நிறுவிய அவர், பிரெஞ்சு அரசரின் அழைப்பின் பேரில் பிரான்சு சென்று, 1507-இல் தூர் நகருக்கு அருகே இறந்தார். பிரெஞ்சுக்காரன் என்ற பெயர் கொண்ட கலாபிரியர் ஒருவர் பிரெஞ்சு மண்ணிலேயே கண்மூடியது வரலாற்றில் தானாக நேர்ந்த பொருத்தம். கலாபிரியாவிலும் சிசிலியிலும் 'பிரான்செஸ்கோ பாவ்லோ' என்ற இரட்டைப் பெயர் மிகுந்து காணப்படுவதற்கு இவரே காரணம்.

இத்தாலியர் தம் பிறந்தநாளைப் போலவே பெயர்நாளையும் கொண்டாடுவார்கள். தம் பெயருக்குரிய புனிதரின் திருநாளே அது. பிரான்செஸ்கோ என்பவருக்குப் பெரும்பாலும் அக்டோபர் 4 பெயர்நாள். பாவ்லா புனிதரின் பெயரைத் தாங்குபவர் என்றால் ஏப்ரல் 2, பிரான்சிஸ் சலேசியாரின் பெயர் என்றால் ஜனவரி 24, பிரான்சிஸ் சவேரியாரின் பெயர் என்றால் டிசம்பர் 3. ஆகவே வாழ்த்துச் சொல்லும் முன், குடும்பத்தார் எந்தப் புனிதரை நினைத்துப் பெயரிட்டார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அசிசியாரை 1939-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், சியன்னா நகரக் கத்தரீனாவுடன் சேர்த்து இத்தாலியின் பாதுகாவலராக அறிவித்தார்.

சவேரியாரின் பெயருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நாவார் நாட்டுக் குடும்பத்தில் பிறந்த அவருடைய பெயரின் முதற்பகுதி இதே பெயரின் ஸ்பானிய வடிவமான பிரான்சிஸ்கோ. இரண்டாம் பகுதியான சவேரியார் அல்லது சேவியர், அவர் பிறந்த கோட்டையின் பெயர்; பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அவர் 1542-இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே பணியாற்றினார். அதன் விளைவாக அந்தக் கோட்டையின் பெயர் தமிழ்நாட்டில் தனி ஆள்பெயராகவே ஆகி, சவேரியார், சேவியர், சவரிமுத்து, சவரியம்மாள் என்று பல வடிவங்கள் எடுத்தது. கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயமும் நிற்கிறது.

இதே மாற்றம் இத்தாலியிலும் நடந்தது என்பது பலர் அறியாதது. அங்கே 'பிரான்செஸ்கோ சவேரியோ' என்ற இரட்டைப் பெயர் முதலில் பரவி, பின்னர் 'சவேரியோ' மட்டும் தனிப் பெயராகப் பிரிந்தது. நேப்பிள்ஸ் பகுதியின் ஒரு சவேரியோவும் தூத்துக்குடியின் ஒரு சேவியரும் ஒரே கோட்டையின் பெயரைத்தான் தாங்குகிறார்கள்.

இதன் செல்லப்பெயர்கள் எவை?

இடத்துக்கு இடம் மாறும். தஸ்கனியில் பழங்காலத்திலிருந்தே 'செக்கோ' வழங்கியது. சியன்னா நகரக் கவிஞர் செக்கோ ஆஞ்சோலியேரி அந்தப் பெயராலேயே அறியப்படுகிறார். 1327-இல் பிளாரன்சில் எரித்துக் கொல்லப்பட்ட அறிஞர் செக்கோ தஸ்கோலியின் இயற்பெயர் பிரான்செஸ்கோ ஸ்தாபிலி. ரோமிலும் வேறு பல இடங்களிலும் 'கெக்கோ' என்பார்கள். நேப்பிள்சுக்குத் தெற்கே போனால் 'சிச்சோ'. ஆனால் இச்சொல் 'குண்டுப் பையன்' என்ற பொருளிலும் வழங்குவதால் நெருங்கியவர்களிடம் மட்டுமே பயன்படும். வடகிழக்கில் 'செஸ்கோ' என்றும் கேட்கலாம். 'பிராங்கோ' என்பது நாடு முழுவதும் சுருக்கமாகவும் தனிப் பெயராகவும் வழங்குகிறது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2022, 2023 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற பிரான்செஸ்கோ பஞ்ஞாயாவைப் 'பெக்கோ' என்றே அனைவரும் அழைக்கிறார்கள்.

பெண்பால் வடிவமும் குடும்பப் பெயர்களும் உண்டா?

பெண்பால் வடிவம் பிரான்செஸ்கா. குடும்பப் பெயர்களில் பிரான்செஸ்கி, தி பிரான்செஸ்கோ, பிரான்செஸ்கீனி ஆகியவை வெளிப்படையாகத் தெரிபவை; செக்கி, செக்கீனி, செக்கரெல்லி போன்றவை 'செக்கோ' என்ற செல்லப்பெயர் வழியாக வந்தவை. பியெரோ, ஜான் போன்றவற்றோடு இணைந்து பியெர்பிரான்செஸ்கோ, ஜான்பிரான்செஸ்கோ என்ற கூட்டுப் பெயர்களும் உண்டு.

இப்பெயர் கொண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் யார் யார்?

பட்டியல் நீண்டது, சிலரை மட்டும் சொல்லலாம். மிலானைக் கைப்பற்றி ஆண்ட பிரான்செஸ்கோ ஸ்போர்சா, பரோக் கட்டடக் கலைஞர் பிரான்செஸ்கோ பொர்ரொமீனி ஆகியோர் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்தவர்கள். மருத்துவர் பிரான்செஸ்கோ ரெதி, மூடிய குடுவையிலும் திறந்த குடுவையிலும் இறைச்சியை வைத்துச் சோதித்து, அழுகிய இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாக உண்டாவதில்லை, ஈக்கள் இடும் முட்டைகளிலிருந்தே வருகின்றன என்று 1668-இல் நிறுவினார். மோனா லிசா ஓவியத்தில் இருக்கும் லிசாவின் கணவர் பிரான்செஸ்கோ தெல் ஜொக்கொந்தோ, பிளாரன்சின் பட்டு வணிகர். முதல் உலகப் போரின் விமானி பிரான்செஸ்கோ பராக்கா தம் விமானத்தில் தீட்டியிருந்த பாயும் குதிரைச் சின்னமே பின்னாளில் பெராரி கார்களின் சின்னமானது. கால்பந்து ரசிகர்களுக்குப் பிரான்செஸ்கோ தொத்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1993 முதல் 2017 வரை ரோமா அணி ஒன்றுக்கே ஆடியவர் அவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் ஏன் இந்தப் பெயரைத் தேர்ந்தார்?

2013 மார்ச் 13 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோர்ஹே மரியோ பெர்கோலியோ, இப்பெயரை ஏற்ற முதல் திருத்தந்தை. தேர்தலில் வாக்குகள் நிறைந்த வேளையில், அருகில் அமர்ந்திருந்த பிரேசில் நாட்டுக் கர்தினால் குளாவுதியோ ஹூமெஸ் தம்மைத் தழுவி, ஏழைகளை மறந்துவிட வேண்டாம் என்று சொன்னதாகவும், அக்கணமே அசிசியார் நினைவுக்கு வந்ததாகவும் மூன்று நாள் கழித்துப் பத்திரிகையாளர்களிடம் அவரே விளக்கினார். இயேசு சபையைச் சேர்ந்தவர் என்பதால் அச்சபையின் சவேரியாரை எண்ணியிருக்கலாம் என்று சிலர் முதலில் கருதியது இவ்விளக்கத்தால் நீங்கியது. அப்பெயரில் முன்னவர் எவரும் இல்லாததால் 'முதலாம்' என்ற அடைமொழி சேர்க்கப்படவில்லை. அவர் தந்தையின் குடும்பம் வடஇத்தாலியின் பியெமோந்தே பகுதியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடியேறியது. 2025 ஏப்ரல் 21 அன்று அவர் மறைந்தார்.

இன்றும் இப்பெயர் இத்தாலியில் விரும்பி இடப்படுகிறதா?

ஆம். இத்தாலிய அரசின் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் பெயர் வரிசையில், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து 2017 வரை ஆண் குழந்தைகளின் பெயர்களுள் முதலிடம் பிரான்செஸ்கோவுக்கே. 2018-இல் லெயோனார்தோ அந்த இடத்தைப் பிடித்தது. ஆயினும் தெற்கே, குறிப்பாகக் கலாபிரியாவில், இதன் செல்வாக்குக் குறையவில்லை. தந்தைவழித் தாத்தாவின் பெயரை முதல் பேரனுக்கு இடும் பழக்கம் அங்கே இன்னும் வலுவாக இருப்பது ஒரு காரணம்; நம் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல.

சட்டப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. 2000-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் ஆணையின்படி, உயிரோடிருக்கும் தந்தையின் பெயரையோ உடன்பிறந்தவரின் பெயரையோ குழந்தைக்கு அப்படியே இட முடியாது. தாத்தாவின் பெயருக்கு அத்தடை இல்லை.

தமிழில் எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

இத்தாலிய உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில் விழும். அதிலுள்ள சகரம் 'பச்சை' என்ற சொல்லில் ஒலிக்கும் வல்லொலியே தவிர, 'சான் பிரான்சிஸ்கோ' என்று நாம் சொல்லும்போது வரும் மெல்லிய ஒலி அன்று. சான் பிரான்சிஸ்கோ நகரின் பெயரும் அசிசியாரைக் குறிப்பதே, ஆனால் ஸ்பானியர் வழி வந்தது. ஒலிக்கு மிக நெருங்கியது 'பிரான்ச்செஸ்கோ' என்றாலும், மெய்ம்மயக்கம் உறுத்துவதால் 'பிரான்செஸ்கோ' என்று எழுதி, சகரத்தை அழுத்தி ஒலிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. முதலெழுத்தை 'ஃபி' என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் வழக்கில் இருக்கின்றன. புனிதரைப் பற்றி எழுதும்போது, தமிழ்த் திருச்சபையில் நிலைத்துவிட்ட 'அசிசியின் புனித பிரான்சிஸ்' என்ற வடிவத்தையே கையாளலாம். கவிஞர், கலைஞர், விளையாட்டு வீரர் போன்ற இத்தாலியர்களைக் குறிப்பிடும்போது பிரான்செஸ்கோ என்று அவர்கள் மொழி வழக்கிலேயே எழுதுவது முறை.